கடல் இல்லாத கடற்கரைக்கு ஒரு குரல்

வரதராஜன்பேட்டை வாசிகளுக்குக் கடல் பார்க்க ஆசை வந்தால் கிழக்கு நோக்கித்தான் புறப்படுகிறார்கள். வேன் அமர்த்திக்கொண்டு வேளாங்கண்ணிக்குப் போகிறவர்கள் உண்டு. சிதம்பரம் தாண்டிப் பிச்சாவரம், பரங்கிப்பேட்டை என்று போகிறவர்களும் உண்டு. எப்படிப் போனாலும் அலையைக் கண்ணால் காண ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் சாலையில் ஓடியாக வேண்டும்.

ஆனால் ஏறக்குறைய அதில் பாதித் தூரத்திலேயே இன்னொரு கடல் இருக்கிறது. அது மேற்கே இருக்கிறது. ஆண்டிமடம் தாண்டிச் செந்துறைப் பக்கம் போனால் அதன் கடைசித் தரையில் கார் ஓடத் தொடங்கிவிடும். பலகை எதுவும் சொல்லாததால், ஓட்டுகிறவருக்கும் தெரியாது, உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியாது. அந்தக் கடல் வற்றி ஏறக்குறைய ஆறு கோடி வருஷமாகிறது.

அரியலூர், பெரம்பலூர் ஜில்லாக்களில் வயலை உழும்போதும் கிணறு வெட்டும்போதும் சிப்பியும் சங்கும் கிடைப்பது அங்குள்ளவர்களுக்குப் புதிய விஷயம் அல்ல. 1840-களிலேயே இங்கிருந்து பொறுக்கப்பட்ட கற்சிப்பிகள் கப்பலேறி இங்கிலாந்து போயின. எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்ற நிபுணர் அவற்றை ஆராய்ந்து 1846-ல் எழுதினார். பிறகு இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த பிளான்ஃபோர்டு என்பவர் ஊர் ஊராக நடந்து பாறைகளை அளந்து படம் வரைந்தார். ஸ்டோலிக்ஸ்கா என்ற மற்றொரு நிபுணர் இங்கே கிடைத்த உயிரினங்களைப் பெரிய பெரிய தொகுதிகளில் வருணித்தார். ஊட்டத்தூர், அரியலூர், நின்னியூர் என்ற பெயர்கள் உலகத்து நிலவியல் மாணவர்களுக்கெல்லாம் பாடமாகி ஒன்றரை நூற்றாண்டு ஆகிவிட்டது. நின்னியூரில் டீக்கடை வாசலில் உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கு மட்டும் அது தமிழில் வந்து சேரவில்லை.

இதைக் கொண்டுவந்து சேர்க்க மலிவான வழி ஒன்று இருக்கிறது. அதை இந்த ஜில்லாக்கள் கையாள வேண்டும்.

காரோடு வரும் குரல்

அமெரிக்காவைச் சேர்ந்த ஹவாய்த் தீவுகளில் மௌயி என்றொரு தீவு. அதன் கரையோரமாக ஹானா என்ற ஊருக்கு ஒரு சாலை போகிறது. 600-க்கு மேற்பட்ட வளைவுகள். 50-க்கு மேற்பட்ட பாலங்கள். அவற்றில் பெரும்பாலானவை ஒரே வண்டி போகும் அகலம்தான். அந்தத் தீவுக்குப் போகும் பிரயாணி வழிகாட்டி ஒருவரைச் சம்பளம் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போவதில்லை. புறப்படுமுன் தன் கைப்பேசியில் ஒரு ‘குரல் சுற்றுலா’வை வாங்கி இறக்கிக்கொள்கிறார். கார் ஓடும்போது வானத்துத் துணைக்கோள்களின் உதவியால் கைப்பேசி தான் இருக்கும் இடத்தை அறிந்துகொள்கிறது. ஒரு நீர்வீழ்ச்சியை நெருங்கினால் அதன் கதை தானாக ஒலிக்கிறது. தாண்டியதும் நின்றுவிடுகிறது. அடுத்த பாலம் வரும்வரை மௌனம். சிக்னல் இல்லாத காட்டுக்குள்ளும் இது வேலை செய்யும். கதைகள் முன்பே கைப்பேசிக்குள் ஏறிவிட்டன. இடமறிவதற்கோ செல்கோபுரம் தேவையில்லை.

இதன் வேர் பழையது. நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரிலுள்ள ஸ்டெடலிக் மியூசியத்தில் 1952-லேயே பார்வையாளர் கையில் ஒரு சிறு வானொலிக் கருவியைக் கொடுத்து, காதில் விளக்கவுரை கேட்கும்படி செய்தார்கள். தமிழ்நாட்டிலும் இந்தப் பழக்கம் வேறு உருவத்தில் இருந்ததுதான். கோயில் வாசல் கடையில் ஸ்தல வரலாறு ஒலிநாடாவை வாங்கி, ஊர் திரும்பும் வழியெல்லாம் வேனில் போட்டுக் கேட்ட தலைமுறை இன்னும் இருக்கிறது. அந்த ஒலிநாடாவுக்கு வண்டி எங்கே போகிறது என்பது தெரியாது; இந்தக் குரலுக்குத் தெரியும். வித்தியாசம் அவ்வளவே.

தமிழ்நாட்டில் தீவுக் கரைச் சாலை என்றால் எவருக்கும் நினைவு வருவது ராமேசுவரம். 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு புயலில் அழிந்த தனுஷ்கோடியைக் கடந்து அரிச்சல்முனை வரை 2017-ல் சாலை போட்டு முடித்தார்கள். அங்கே ஒரு குரல் சுற்றுலா அமைந்தால் நல்லதுதான். ஆனாலும் அங்கே இடிந்த மாதாகோயிலும் இருபுறத்துக் கடலும் தாமாகவே பாதிக் கதையைச் சொல்லிவிடுகின்றன. அரியலூர்ப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரிவது முந்திரித் தோப்பும், சோளக்கொல்லையும், சுண்ணாம்புக் கல் லாரியும்தான். காது இல்லாமல் பார்க்கவே முடியாத ஊர் இது. ஆகவே குரல் முதலில் வேண்டியது இங்கே.

அரியலூர்ப் பாறைகள் படிந்த காலத்தில் இந்தியாவே ஒரு தீவாக இருந்தது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். தென்பாதிப் பெருநிலத்திலிருந்து பிரிந்து, சுமார் 8.8 கோடி வருஷங்களுக்கு முன் மடகாஸ்கரையும் உதறிவிட்டுத் தனியே வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்த பெரிய தீவு. இமயமலை அப்போது இல்லை. அந்தத் தீவின் கிழக்குக் கரைகளில் ஒன்றுதான் இன்றைய அரியலூர். ‘தீவுக் கரைச் சுற்றுலா’ என்ற பெயருக்கு ராமேசுவரத்தைப் போலவே இந்த ஊருக்கும் உரிமை உண்டு.

கிழக்கிலிருந்து மேற்கே

இந்தப் பிரயாணத்தை வரதராஜன்பேட்டையிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. அலங்கார அன்னை ஆலயமும் முந்திரித் தோப்புகளும் சூழ்ந்த இந்தச் செம்மண் பூமி, நிலவியல் கணக்கில் இளையது. இங்கிருந்து மேற்கே போகப் போகப் பாறைகளுக்கு வயது ஏறுகிறது. படுகைகள் கிழக்குப் பக்கம் லேசாகச் சாய்ந்து கிடப்பதால் இப்படி அமைந்துவிட்டது. செந்துறையில் ஆறு கோடி, ஆறரைக் கோடி வருஷம். அரியலூரில் ஏழு கோடி. காரையில் ஒன்பது முதல் பதினொரு கோடி. கார் முன்னால் போகிறது, காலம் பின்னால் போகிறது. கடற்கணக்கில் சொன்னால், பழைய கடலின் உள்ளேயிருந்து அதன் கரையை நோக்கி வண்டி ஏறுகிறது. ஒரு பகல் போதும்.

தெற்கே சற்று விலகினால் கங்கைகொண்ட சோழபுரம். அதைப் பற்றிப் பேச ஏற்கெனவே குரல்கள் பல உண்டு. 2004-ல் உலகப் பாரம்பரியச் சின்னமான கோயில் அது. ராஜேந்திரனின் கடாரப் படையெடுப்புக்கு 2025-ல் ஆயிரமாண்டு விழாவும் நடந்துவிட்டது. புதிய குரல் அங்கே நீளமாகப் பேச வேண்டியதில்லை. 1836-ல் கீழணை கட்டுவதற்காக அந்தக் கோயிலின் மதிற்கல்லைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள் என்ற ஒன்றை மட்டும் சொன்னால் போதும். பின்னால் சிமெண்டுக் கதை வரும்போது அது உதவும்.

செந்துறை வட்டாரத்துப் பாறைகள் உலகில் அதிகம் இல்லாத வகை. டைனோசர்கள் பூண்டோடு அழிந்தது 6.6 கோடி வருஷத்துக்கு முன்பு. அந்த அழிவுக்கு முந்திய கடலும் பிந்திய கடலும் இங்கே பக்கத்தில் பக்கத்தில் படிந்திருக்கின்றன. பிரயாணி ஒரு கடைவாசலில் காரை நிறுத்தி ஒரு டம்ளர் டீ குடித்துவிட்டுப் புறப்படுவதற்குள், உலக சரித்திரத்தின் மிகப் பெரிய மரணங்களில் ஒன்றை அவர் கடந்திருப்பார். யாராவது காதில் சொன்னால்தான் அது தெரியும்.

மேற்கே காரை என்ற ஊருக்குப் பக்கத்தில் மழைநீர் அரித்துப் பள்ளமும் மேடுமாகப் புல் முளைக்காமல் கிடக்கும் களிமண் நிலம் இருக்கிறது. ஜிப்சத் துண்டுகள் வெயிலில் மின்னும். அம்மோனைட் என்ற சுருள்கூட்டுப் பிராணி இந்தப் பக்கத்தில்தான் மிகுதி. வைணவர் வீடுகளில் பூசையிலிருக்கும் கண்டகி நதிச் சாளக்கிராமக் கல்லுக்குள் சுருண்டிருப்பதும் இதே இனத்துப் பிராணியின் உருவம்தான். அந்த ஒரு வாக்கியம் சொன்னால் பாட்டிமாரும் எட்டிப் பார்ப்பார்கள்.

கடைசி நிறுத்தம் சாத்தனூர். அங்கே 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகப் படுத்திருக்கிறது. 1940-ல் இந்திய நிலவியல் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் அதை உலகுக்கு அறிவித்தார். பத்து முதல் பன்னிரண்டு கோடி வருஷத்துக்கு முன்பு கரையில் வளர்ந்த மரம், வெள்ளத்தில் கடலுக்கு வந்து, மூழ்கி, மணலில் புதைந்தது. நார் இருந்த இடமெல்லாம் சிலிகா என்ற மணற்சத்து ஏறிக் கல்லாகிவிட்டது. கடல் மட்டும் இருந்த கதையில் முதன்முதலாகக் கரை தெரியும் இடம் அதுதான்.

மண்ணாகிப்போன மகாகாயன்

இவற்றையெல்லாம் விடக் குரலுக்கு அதிகம் கடமைப்பட்ட இடம் ஒன்று உண்டு. அங்கே பார்க்க எதுவுமே இல்லை.

அரியலூருக்குப் பக்கத்தில் கல்லமேடு. அங்கே கிடைத்த பிரம்மாண்டமான எலும்புகளை வைத்து 1987-ல் யாதகிரி, அய்யாசாமி என்ற இரு நிபுணர்கள் ஒரு டைனோசருக்குப் பெயரிட்டார்கள்: ‘புருஹத்காயோசாரஸ்’. ‘பெருத்த உடம்பு கொண்ட பல்லி’ என்று பொருள். கால் எலும்பு ஒன்று மட்டும் 2 மீட்டர் நீளம். பூமியில் நடமாடிய பிராணிகளிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்றாக இருக்கலாம் என்றார்கள் சிலர். எலும்பே அல்ல, கல்மரம் என்று சந்தேகித்தார்கள் வேறு சிலர். சந்தேகத்தைத் தீர்க்க ஒரே வழி அந்த எலும்பை மறுபடி பார்ப்பதுதான். அது முடியாது. ஈரத்தில் நைந்து, உதிர்ந்து, எலும்புகள் மண்ணோடு மண்ணாகிவிட்டன. 2017-ல் இந்தச் செய்தி வெளியாயிற்று. அகழ்ந்தபோது எடுத்த பழைய புகைப்படங்கள் சில 2022-ல் பிரசுரமாயின. மிச்சம் அவ்வளவே.

அந்தப் பிராணிக்குச் சிலை வைக்கலாம், வளைவு கட்டலாம் என்று யாராவது சொல்லக்கூடும். சிமெண்டுப் பொம்மையைவிட, அந்த இடத்தைக் கார் கடக்கும்போது “இங்கே ஒன்று கிடைத்தது, காப்பாற்ற முடியவில்லை” என்று இரண்டு நிமிஷம் உண்மையைச் சொல்லும் ஒரு குரல் மேல்.

உண்மை என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2020 அக்டோபரில் பெரம்பலூரை அடுத்த குன்னத்தில் உருண்டை உருண்டையான கற்கள் வெளிப்பட்டன. டைனோசர் முட்டை என்று கைப்பேசிக்குக் கைப்பேசி செய்தி பறந்தது. ஜனங்கள் கூட்டங்கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். நிபுணர்கள் வந்து பார்த்து, முட்டை அல்ல, அம்மோனைட் உள்ளடங்கிய கல்லுருண்டைகள் என்றார்கள். ஏமாந்தவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. நல்ல தமிழில் சரியான கதையை யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஊரில், முதலில் வந்த கதைதான் நிற்கும். முட்டை இல்லாவிட்டால் என்ன, பத்துக் கோடி வருஷத்துக் கடற்பிராணி கையில் கிடைத்தது என்பது ஏமாற்றமான செய்தியா?

இறங்காமல் பார்ப்பதே நல்லது

இனி மறுப்புகளுக்கு வரலாம். விஷயம் தெரிந்தவர்கள் முதலில் கேட்கும் கேள்வி இது: “இடத்தைக் காட்டிக் கொடுத்தால் கல்லைப் பொறுக்கிக்கொண்டு போய்விட மாட்டார்களா?” நியாயமான பயம். சுற்றுலா வந்தவர் ஆளுக்கு ஒரு சிப்பி என்று பையில் போட்டுக்கொண்டால், பத்தே வருஷத்தில் காரைப் பள்ளங்கள் வெறும் களிமண்ணாகிவிடும்.

ஆனால் இந்தப் பயத்துக்கு மருந்தும் குரல் சுற்றுலாவிலேயே இருக்கிறது. பலகை நட்டால் பிரயாணி இறங்கித்தான் படிக்க வேண்டும். ‘இங்கேதான்’ என்று அம்புக்குறியும் போட்டுக் கொடுத்தாற்போலாகிவிடும். குரலோ காரை நிறுத்தாமலே கதையைச் சொல்லிவிடும். எந்தப் பள்ளம், எந்த மேடு என்று துல்லியமாகச் சொல்ல வேண்டிய அவசியமும் அதற்கு இல்லை. இறங்குவதற்கு, காவலும் சுவரும் உள்ள இரண்டு இடங்கள் போதும்: வாரணவாசியில் உள்ள புதையுயிர் அருங்காட்சியகம், சாத்தனூர்க் கல்மரப் பூங்கா. மற்ற இடங்களில் ஜன்னலே வாசல்.

இரண்டாவது மறுப்பு சிமெண்டு ஆலைகளைப் பற்றியது. கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக் கல் முழுக்கச் சிப்பி. திருச்சி ஜில்லாவைச் சேர்ந்த கல்லக்குடியின் சுண்ணாம்புக் கல்லிலோ பவளப் பாறைத் திட்டுகள் உண்டு. அந்த ஊர் ரயில் நிலையத்தின் பெயருக்காக 1953-ல் நடந்த போராட்டம் எல்லோருக்கும் தெரியும். பெயர்ப்பலகைக்குக் கீழே கிடந்த பவளத் திட்டு பலருக்குத் தெரியாது. இந்தக் கடலை வெட்டி அரைத்துத்தான் சிமெண்டு ஆகிறது. தமிழ்நாட்டில் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் அரியலூர்ச் சிப்பி இருக்கிறது. சுரங்கத்தால் பிழைக்கும் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் உள்ள ஜில்லாவில் “வெட்டாதே” என்று காரிலிருந்து உபதேசம் செய்வது அழகாக இராது. ஆனால் வெட்டுவதற்கு முன் என்ன இருந்தது என்று சொல்லலாம். சோழர் மதிற்கல் அணைக்குப் போனதை இன்று வருத்தத்தோடு பேசுகிறார்கள். அன்று அணை கட்டியவர்களுக்கு அது கல்லாக மட்டுமே தெரிந்தது. கடல் சிமெண்டுக்குப் போவதைப் பற்றியும் ஒரு நாள் அப்படிப் பேசுவார்கள். அப்போது பேசுவதற்கு ஒரு பதிவாவது இருக்கட்டும்.

மூன்றாவது மறுப்புத்தான் கனமானது. “சொந்தக் கார் வைத்திருக்கிறவருக்கு இன்னொரு பொழுதுபோக்கா?” என்று கேட்கலாம். ஹவாயிலேயே, சாலையோரம் கண்டபடி நிறுத்தும் சுற்றுலாக் கார்களைக் கண்டு உள்ளூரார் அலுத்துக்கொள்கிறார்கள். அரியலூர்ச் சாலைகளில் சுண்ணாம்புக் கல் லாரிகள் போதாதா? கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறவர் ஒருவர் அந்த லாரிகளுக்கு நடுவே புகுந்தால் கதை அங்கேயே முடிந்துவிடும்.

ஆகவே இங்கே செய்யப்படும் சுற்றுலா ஹவாய்ச் சரக்கின் நகலாக இருக்கக் கூடாது. வேனுக்கும் பஸ்ஸுக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும். வேளாங்கண்ணிக்குப் போகும் அதே வேனில், பாட்டுப் போடும் அதே ஒலிபெருக்கியில், இருபது பேர் சேர்ந்து கேட்கும்படி அமைய வேண்டும். புறப்படும்போது ஒரு தடவை பொத்தானை அமுக்கினால், திரும்பி வரும்வரை ஓட்டுநர் கைப்பேசியைத் தொடத் தேவை இருக்கக் கூடாது. விலையும் வைக்கக் கூடாது. பாறைகளை அளந்தது பொதுப் பணத்தில். அந்தச் செய்தி பொதுமக்களுக்கு இனாமாக வந்து சேர்வதே முறை.

யார் குரல்?

பட்டணத்திலிருந்து நல்ல தொண்டைக்காரர் ஒருவரைக் கூட்டிவந்து, “வாருங்கள், காலத்தின் கதவுகளைத் திறப்போம்” என்ற தோரணையில் பேச வைப்பது சுலபம். அதைப் போல இந்த முயற்சியைக் கெடுக்கக்கூடியது வேறொன்றுமில்லை. சுண்ணாம்புச் சுரங்கத்தில் வேலை செய்தவர் எந்த ஆழத்தில் எந்த நிறக் கல் வரும் என்று தம் பேச்சிலேயே சொல்லட்டும். முந்திரி பறிக்கும் பெண்மணி செம்மண்ணைப் பற்றிச் சொல்லட்டும். வருஷக் கணக்கையும் உயிரினங்களின் பெயர்களையும் நிலவியல் ஆசிரியர் ஒருவர் சரிபார்த்துக் கொடுக்கட்டும். சுற்றுலாத் துறைக்கு ஆகும் செலவு, ஒரு வரவேற்பு வளைவு கட்டும் செலவைவிட அதிகமாக இராது.

பேச்சைவிட மௌனத்துக்கு அதிக இடம் விட வேண்டும். அரியலூரை அடுத்த மருதையாற்றுப் பாலத்தில் 1956 நவம்பர் 23-ஆம் தேதி விடியற்காலையில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து சுமார் 150 பேர் மாண்டார்கள். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். அந்தப் பக்கம் போகும்போது இதைச் சொல்லிவிட்டுக் குரல் சற்று நேரம் சும்மா இருக்கட்டும். உடனே கடற்சிப்பிக்குத் தாவ வேண்டாம்.

பதிவு தயாரானதும் அதிகாரிகளுக்குப் போட்டுக் காட்டி மாலை போட்டு வெளியிட அவசரப்பட வேண்டியதில்லை. வரதராஜன்பேட்டைப் பள்ளிக்கூடத்து எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு வேனில் ஏற்றி, ஆண்டிமடம், செந்துறை, அரியலூர், காரை, சாத்தனூர் என்று ஒரு நாள் கூட்டிக்கொண்டு போக வேண்டும். கூடவே ஓர் ஆசிரியர் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்திருக்க வேண்டும். குரல் பேசும்போது எந்தெந்த இடத்தில் பிள்ளைகள் ஜன்னல் பக்கம் திரும்பவில்லையோ, அந்தந்த இடத்துப் பேச்சை அழித்துவிட்டு மறுபடி எழுத வேண்டும்.